காப்பாற்ற வேண்டியவர்கள் வராத ஊர்: கொரியத் திரைப்படங்களில் வகைமைகள் கலந்த கதை

வயல்வெளியில், வரப்புச் சரிவில், ஒரு பெண்ணின் உடல் கிடக்கிறது. அருகே மண்பாதையில் ஒரு காலடித் தடம் பதிந்திருக்கிறது, கொலையாளியுடையதாகவே இருக்கக்கூடும். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு யாரும் மிதித்துவிடக் கூடாது என்று துப்பறியும் அதிகாரி தொண்டை கிழியக் கத்துகிறார். சிறுவர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். தடயவியல் பிரிவினர் இன்னும் வந்து சேரவில்லை. மேலதிகாரி சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுகிறார். கடைசியில் எங்கிருந்தோ ஒரு டிராக்டர் வந்து, நிதானமாக அந்தத் தடத்தின் மீதே ஏறிப் போகிறது. இவ்வளவும் வெட்டில்லாத ஒரே காட்சியாக நகர்கிறது. போங் ஜூன்-ஹோ இயக்கி 2003இல் வெளிவந்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் இக்காட்சியைப் பார்க்கும் எவரும் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்த மறுகணம், சற்றுத் தள்ளி ஒரு உடல் கிடப்பது நினைவுக்கு வந்து கூச்சம் பிடித்துக்கொள்ளும்.

கொரியப் படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வியப்படைகிறார்கள். திகில் படம் என்று உட்கார்ந்தால் பாதியில் குடும்பக் கதையாகிறது, நகைச்சுவை என்று நம்பினால் கண்ணீரில் முடிகிறது, பேய்ப்படத்தின் முதல் அரை மணி நேரம் அசட்டுப் போலீஸ்காரனின் கேலிக்கூத்தாக ஓடுகிறது. இதை ஓர் இயக்குநரின் குறும்பு என்றோ, சந்தைக்கேற்ற மசாலா என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளின் முக்கியமான படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது, வகைமை எதுவாக இருந்தாலும் அடியில் ஒரே நிலைமை திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது: காப்பாற்ற வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் வருவதில்லை, அல்லது நேரம் கடந்து வருகிறார்கள், அல்லது தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தவறை யாருடைய கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே படம் திகிலாகவோ நகைச்சுவையாகவோ மாறுகிறது. அதனால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அவர்களுக்கு இவ்வளவு எளிதாக இருக்கிறது.

இந்த நிலைமைக்கு வரலாறு உண்டு. 1961இல் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீயின் அரசு, அடுத்த ஆண்டே திரைப்படச் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்த நிறுவனம் படம் எடுக்கலாம், எந்தத் திரைக்கதை படமாகலாம் என்பதை அரசு அலுவலகங்கள் முடிவு செய்தன. அதற்குச் சற்று முன்புதான், 1960இல், கிம் கி-யங் 'தி ஹவுஸ்மெய்ட்' என்ற அபூர்வமான படத்தை எடுத்திருந்தார். ஒரு நடுத்தர வர்க்க வீட்டுக்குள் நுழையும் பணிப்பெண், மாடிப்படி, எலி மருந்து ஆகிய மூன்றையும் வைத்து ஒரு குடும்பம் சிதைவதைச் சொன்ன அந்தப் படத்தைத் தனக்கு முன்னோடியாகப் போங் ஜூன்-ஹோ பல முறை குறிப்பிட்டிருக்கிறார். தொடர்ந்து வந்த கால் நூற்றாண்டில் அப்படியொரு துணிச்சலுக்கு இடம் மிகக் குறைவு. 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை இராணுவம் ஒடுக்கியபோது நடந்த கொலைகள் பல ஆண்டுகளுக்குத் திரையில் பேசப்படவே முடியாதவையாக இருந்தன.

1987இல் நடந்த ஜனநாயகப் போராட்டத்துக்குப் பின்னரும் தணிக்கை உடனே போய்விடவில்லை. ஜாங்சான்கொட்மே என்ற இளைஞர் குழு, குவாங்ஜுவைப் பற்றியும் தொழிற்சாலை வேலைநிறுத்தத்தைப் பற்றியும் அனுமதி பெறாமல் படமெடுத்துக் கல்லூரி வளாகங்களில் திரையிட்டது. 1990இல் அவற்றுள் ஒரு படத்தின் திரையிடலைத் தடுக்கக் காவல்துறை ஹெலிகாப்டருடன் வளாகத்துக்கு வந்தது. அக்குழுவினர் மீதான வழக்குகளிலிருந்து எழுந்த கேள்வியில்தான், 1996 அக்டோபர் மாதம், முன்தணிக்கை அரசியலமைப்புக்கு முரணானது என்று கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழா அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கியிருந்தது. இன்று உலகம் அறிந்த கொரியத் திரைப்படம் என்பதன் பிறந்த ஆண்டாக ஒன்றைச் சொல்லியாக வேண்டுமென்றால் நான் 1996ஐத்தான் சொல்வேன்.

கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள் யார் என்பதும் முக்கியம். பார்க் சான்-வூக் மெய்யியல் படித்தவர். போங் ஜூன்-ஹோ யோன்செய் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து, அங்கே ஒரு திரைப்பட வட்டத்தில் இருந்து, பின்னர் அரசு நடத்திய கொரியத் திரைப்படக் கலைக்கழகத்தில் பயின்றவர். லீ சாங்-டாங் பள்ளி ஆசிரியராகவும் நாவலாசிரியராகவும் இருந்துவிட்டு நாற்பது வயதை ஒட்டித் திரைத்துறைக்கு வந்தவர். இவர்களுடைய இளமை முழுவதும் தெருவில் கண்ணீர்ப்புகை இருந்தது. இருட்டறையில் நகல் எடுத்த வீடியோ நாடாக்கள் இருந்தன. ஹாலிவுட்டின் துப்பறியும் கதை, ஹாங்காங்கின் அடிதடி, ஜப்பானியப் பேய் ஆகிய எல்லாவற்றையும் ஒரே இரவில் கலந்து பார்த்த தலைமுறைக்கு வகைமை என்பது வேலியாகத் தோன்றியிருக்காது.

பணத்தின் கதை இதைவிட விசித்திரமானது. 1988இல் அமெரிக்க நிறுவனங்கள் கொரியாவில் நேரடியாகப் படங்களை வெளியிடத் தொடங்கியபோது, எதிர்ப்பாளர்கள் திரையரங்குக்குள் பாம்புகளை விட்டார்கள். ஆண்டுக்கு 146 நாட்கள் உள்நாட்டுப் படம் ஓட வேண்டும் என்ற விதி இருந்தும், 1993இல் கொரியப் படங்களின் சந்தைப் பங்கு 16 விழுக்காட்டுக்கும் கீழே போனது. மறு ஆண்டு, 'ஜுராசிக் பார்க்' என்ற ஒரே படத்தின் வருவாய் 15 இலட்சம் ஹூண்டாய் கார்களை ஏற்றுமதி செய்வதற்குச் சமம் என்ற கணக்கு அதிபர் கிம் யங்-சாமின் மேசைக்குப் போனது. படம் என்பது தொழில் என்று அரசுக்கு உறைத்தது அப்போதுதான். சாம்சங், டேவூ போன்ற பெருங்குழுமங்கள் படங்களில் முதலிட்டன. 1997இன் நிதி நெருக்கடி வந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறின. சாம்சங் விட்டுப்போன கடைசிப் படங்களில் ஒன்றான 'ஷிரி' 1999இல் வெளியாகி 'டைட்டானிக்' கொரியாவில் வைத்திருந்த சாதனையை உடைத்தது, அந்தக் குழுமத்துக்கு நேர்ந்த நல்ல வேடிக்கை. சர்க்கரை ஆலையிலிருந்து வளர்ந்த சிஜே குழுமம் விலகாமல் நின்று, 1998இல் பல்திரை அரங்குகளைக் கட்டத் தொடங்கியது. குழுமங்கள் விட்டுப்போன வெற்றிடத்தில் முதலீட்டு நிறுவனங்களும் இளம் தயாரிப்பாளர்களும் நுழைந்தார்கள்; அவர்கள் அனுபவமற்ற இயக்குநர்களை நம்பினார்கள். 2001இல் உள்நாட்டுப் படங்களின் பங்கு பாதியைத் தொட்டுவிட்டது.

இனி அந்தக் காலடித் தடத்துக்குத் திரும்பலாம். 1986க்கும் 1991க்கும் இடையில் ஹ்வாசோங் வட்டாரத்தில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்ட உண்மை வழக்குதான் படத்தின் அடிப்படை. கொலையாளி யார் என்ற கேள்வியைவிட, ஏன் பிடிக்க முடியவில்லை என்ற கேள்விக்கே போங் அதிக நேரம் தருகிறார். அன்றிரவு கொலை நடக்கப்போகிறது என்று ஊகித்துவிட்ட அதிகாரிகள் கூடுதல் படை கேட்கிறார்கள். படையினர் ஓர் ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருப்பதாகப் பதில் வருகிறது. போர்க்காலப் பயிற்சிக்காக ஊர் முழுக்க விளக்குகள் அணைக்கப்படும் இரவில் ஒரு பள்ளிச் சிறுமி கொல்லப்படுகிறாள். மக்களைக் காப்பதற்காகச் செய்யப்படும் ஒத்திகையே கொலைகாரனுக்கு இருட்டைத் தருகிறது. காவல் நிலையத்தின் கீழறையிலோ அறிவு வளர்ச்சி குன்றிய ஓர் இளைஞனை அடித்து வாக்குமூலம் ஒப்பிக்கவைக்கிறார்கள். அடிப்பவரும் அடிபடுபவரும் ஒன்றாக அமர்ந்து கருப்பு நூடுல்ஸ் சாப்பிட்டபடி தொலைக்காட்சியில் துப்பறியும் தொடர் பார்க்கிறார்கள். இதில் எது நகைச்சுவை, எது கொடுமை என்று பிரித்தெடுக்க முடியாது. அந்தத் துப்பறியும் அதிகாரியாக நடித்த சாங் காங்-ஹோ என்ற நடிகரின் அகன்ற முகம் அந்தப் பிரிக்க முடியாமையையே தன் இயல்பாகக் கொண்டிருப்பதால்தான், பின்னர் வந்த ஏறத்தாழ எல்லா முக்கிய இயக்குநர்களும் அவரைத் தேடிப் போனார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

படத்தின் இறுதியில் அவர் கேமராவை நேராகப் பார்க்கிறார். கொலையாளி என்றாவது அரங்கில் உட்கார்ந்திருந்தால் அவன் கண்ணைச் சந்திக்கட்டும் என்பது இயக்குநரின் எண்ணம். 2006இல் வழக்கைத் தொடர்வதற்கான காலவரம்பு முடிந்துபோனது. 2019இல் மரபணுச் சோதனை கொலையாளியைக் காட்டிக்கொடுத்தபோது, அவன் 1994இல் செய்த வேறொரு கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தான். படத்தைச் சிறைக்குள்ளேயே பார்த்ததாகவும், தனக்கு எந்த உணர்ச்சியும் எழவில்லை என்றும் பின்னர் நீதிமன்றத்தில் சொன்னான். அதைவிடக் கனமான செய்தி இன்னொன்று. 1988இல் நடந்த எட்டாவது கொலைக்காக, கால் ஊனமுற்ற ஓர் இளைஞர் கைது செய்யப்பட்டு, வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலத்தின் அடிப்படையில் இருபது ஆண்டுகள் சிறையில் இருந்திருந்தார். அவர் குற்றமற்றவர் என்று 2020 டிசம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அறிவித்தது. காவல்துறை மன்னிப்புக் கேட்டது. திரையில் மிகையாகத் தோன்றிய கீழறைக் காட்சிகள் மிகையே இல்லை என்பது அப்போது உறுதியானது.

அதன் பிறகு வந்த திகில் படங்களில் நா ஹாங்-ஜின்னின் முதல் படமான 'தி சேஸர்' (2008) இந்தத் தர்க்கத்தை அதன் எல்லைக்கே கொண்டுபோகிறது. கொலையாளி யார் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. அவனே ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். ஆனால் அன்றுதான் நகர மேயரின் மீது ஒருவன் மலத்தை வீசிவிடுகிறான், காவல்துறையின் மானமே அந்த நாற்றத்தில் சிக்கிக்கொள்கிறது, உரிய சான்று இல்லாமல் பிடித்தவனை விட்டுவிடும்படி மேலிடத்து உத்தரவு வருகிறது. உயிர் பிழைத்து ஒரு சிறு கடைக்குள் ஒளிந்திருக்கும் பெண்ணிடம் காவல்துறைக்கு முன்னால் கொலையாளியே போய்ச் சேர்கிறான். பார்க் சான்-வூக்கின் பழிவாங்கல் படங்களில் காவல்துறை பொருட்படுத்தத்தக்க ஒன்றாகவே இருப்பதில்லை. 2004இல் கான் விழாவின் கிராண்ட் பிரி விருதைப் பெற்ற 'ஓல்ட்பாய்' படத்தில், ஒருவன் பதினைந்து ஆண்டுகள் ஓர் அறையில் அடைக்கப்பட்டிருக்கிறான், வெளியே வந்ததும் சட்டத்திடம் போக வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு ஒரு கணம்கூட எழுவதில்லை. இந்த வரிசைப் படங்களில் ஒரு குறையையும் சொல்லாமல் விடக் கூடாது. பெண்களின் உடல்மீது நடத்தப்படும் வன்முறை பல இடங்களில் கதைக்குத் தேவையான அளவைக் கடந்து, ஆண் நாயகனின் குற்றவுணர்வுக்கான எரிபொருளாக மட்டுமே பயன்படுகிறது. 2010களில் வந்த போலிப் படங்கள் இந்தக் குறையை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டன.

திகில் கதைகளின் எலும்புக்கூடு எளிதில் நாடு கடக்கும். பார்வையிழந்த பெண் சாட்சியைப் பற்றிய 'பிளைண்ட்' (2011) படம் பத்து ஆண்டுகள் கழித்துத் தமிழில் 'நெற்றிக்கண்' ஆனது. கடக்காமல் நின்றுவிடுவது, காவல் நிலையத்தின் மூலையில் எரியும் கரி அடுப்பு போன்ற உள்ளூர்ச் சூடு.

நகைச்சுவையைத் தனி வகைமையாகப் பார்த்தால் 2001ஐ ஒட்டி வெள்ளமாக வந்த ரவுடிக் கேலிப்படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, வசூலித்தன, மறைந்தன. ஆனால் நிதி நெருக்கடியின் உச்சத்தில், 1998இல் வெளிவந்த கிம் ஜீ-வூனின் 'தி கொயட் ஃபேமிலி' இன்றும் பார்க்கத் தக்கது. வேலையிழந்த தந்தை குடும்பத்தோடு மலையடிவாரத்தில் ஒரு விடுதி தொடங்குகிறார். ஆளே வருவதில்லை. கடைசியில் வந்த முதல் விருந்தாளி தற்கொலை செய்துகொள்கிறான். காவல்துறையிடம் சொன்னால் விடுதிக்குக் கெட்ட பெயர் வருமே என்று குடும்பமே சேர்ந்து இரவோடிரவாக உடலைப் புதைக்கிறது. அதன் பிறகு வரும் விருந்தாளிகளும் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். கொலை நோக்கம் எவருக்கும் இல்லை, வயிற்றுப்பிழைப்பு மட்டுமே இருக்கிறது. இதே இயக்குநர் பின்னர் மல்யுத்த நகைச்சுவை, பேய்ப்படம், நிழலுலகக் கதை, மேற்கத்தியக் குதிரைவீரர் பாணிப் படம் என்று ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் எடுத்துக்கொண்டே போனார்.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' (2019) அந்த விடுதியின் தொலைதூர உறவு. போதைப்பொருள் கும்பலைக் கண்காணிக்க ஐந்து காவலர்கள் ஒரு கோழி வறுவல் கடையை வாங்கி உட்காருகிறார்கள். கடையின் சுவை ஊரெங்கும் பரவி வரிசை கட்டி ஆட்கள் நிற்க, குற்றவாளியைப் பின்தொடர நேரமே கிடைப்பதில்லை. ஒரு கோடியே 62 இலட்சம் பேர் திரையரங்கில் பார்த்த இந்தப் படம் வெளிநாட்டார் பலருக்குச் சாதாரணக் கேலிப்படமாகத் தெரிந்ததற்குக் காரணம், கோழிக்கடை என்ற சொல்லுக்குக் கொரியாவில் இருக்கும் எடை தெரியாததுதான். 1997க்குப் பின் வேலையிழந்தவர்களும், ஐம்பது வயதில் ஓய்வுக்குத் தள்ளப்பட்டவர்களும் கையிலிருந்த பணத்தைப் போட்டுத் தொடங்கும் தொழில் அது. 2019இல் நாட்டில் ஏறத்தாழ 87,000 கோழிக்கடைகள் இருந்ததாக ஒரு நிதிக் குழுமம் கணக்கிட்டது. காவல் வேலையில் தோற்றவன் கோழிக்கடையில் வெல்கிறான் என்ற கற்பனை, அந்த அடுப்பின் முன் நின்று கடனை அடைத்துக்கொண்டிருப்பவருக்கு இரட்டிப்பாய்ச் சிரிப்பூட்டும்.

சிரிப்பும் அழுகையும் எவ்வளவு நெருக்கமாக வைக்கப்படலாம் என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 'தி ஹோஸ்ட்' (2006) படத்தின் அஞ்சலிக் கூடம். 2000இல் சியோலிலிருந்த அமெரிக்க இராணுவத் தளத்தில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வேதிப்பொருள் வடிகாலில் கொட்டப்பட்ட உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த இந்தப் படத்தில், ஹான் ஆற்றிலிருந்து எழும் விலங்கு ஒரு சிறுமியைத் தூக்கிப் போகிறது. அவளுடைய படத்துக்கு முன்னால் அப்பன், தாத்தா, சித்தப்பன், அத்தை ஆகிய நால்வரும் கதறிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து தரையில் உருள்கிறார்கள். மேலிருந்து செய்தியாளர்கள் படமெடுக்கிறார்கள். நடுவே ஒருவர் வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தியவரை அழைத்து அறிவிப்புச் செய்கிறார். அதன் பிறகு சிறுமி உயிரோடிருப்பதாகக் கைப்பேசியில் அழைப்பு வந்தும் அதிகாரிகள் நம்புவதில்லை. இல்லாத ஒரு கிருமியைத் தேடித் தந்தையின் மண்டையைத் துளைக்கிறார்கள். அன்றைய மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் ஒரு கோடியே 30 இலட்சம் பேர், அந்தப் படத்தைப் பார்த்தார்கள். படம் வெளியான அதே ஜூலை மாதத்தில்தான், அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தப் பேச்சுக்காக, உள்நாட்டுப் படங்களுக்கான 146 நாட்கள் 73ஆகக் குறைக்கப்பட்டு நடைமுறைக்கு வந்தன. 'ஓல்ட்பாய்' நாயகன் சோய் மின்-சிக் அதை எதிர்த்து, அரசு தனக்கு அளித்திருந்த பண்பாட்டு விருதைத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

அழுத்தமான குடும்ப, சமூகக் கதைகளில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று 'ஷின்பா' என்று கொரியர்களே சற்றுக் கேலியாகச் சொல்லும் கண்ணீர் மரபு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானிய மேடையிலிருந்து வந்த அந்தப் பாணி, இன்றும் வணிகப் படங்களின் கடைசி இருபது நிமிடங்களைப் பிடித்து வைத்திருக்கிறது. நல்ல படங்கள் பலவற்றை அது கெடுத்திருக்கிறது என்பதே என் கணிப்பு. மற்றொன்று லீ சாங்-டாங்கின் வழி. 'சீக்ரெட் சன்ஷைன்' (2007) படத்தில் மகனைக் கடத்திக் கொன்றவனை மன்னிப்பதற்காக ஒரு தாய் சிறைக்குப் போகிறாள். அவனோ அமைதியான முகத்துடன், கடவுள் தன்னை ஏற்கெனவே மன்னித்துவிட்டார் என்கிறான். இங்கே காவல்துறை தன் கடமையைச் செய்துவிட்டது, குற்றவாளி பிடிபட்டுவிட்டான். தவறியது அதற்கும் மேலே இருக்கும் காப்பாளன். அந்தத் தாயாக நடித்த ஜோன் டோ-யோன் கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார்.

சட்டமே திரைப்படத்தைப் பின்தொடர்ந்து ஓடிவந்ததும் உண்டு. குவாங்ஜு நகரில் செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் நடந்த பாலியல் கொடுமைகளையும், குற்றவாளிகள் இலேசான தண்டனையோடு தப்பியதையும் சொன்ன 'சைலன்ஸ்ட்' 2011 செப்டம்பரில் வெளியானது. மறு மாதமே, மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுவர்களுக்கும் எதிரான பாலியல் குற்றங்களுக்குக் காலவரம்பை நீக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கொரியத் தலைப்பைச் சேர்த்து அதை 'தோகானி சட்டம்' என்றே மக்கள் அழைத்தார்கள். படத்தை இயக்கிய ஹ்வாங் டாங்-ஹ்யோக் அடுத்து எடுத்தது, எழுபது வயதைக் கடந்த மூதாட்டி இருபது வயதுப் பெண்ணாகிவிடும் 'மிஸ் கிரானி' என்ற நகைச்சுவை. 2021இல் உலகமே பார்த்த 'ஸ்க்விட் கேம்' தொடரும் அவருடையதே. கொடுமை, கேலி, கொலை விளையாட்டு மூன்றையும் ஒரே ஆள் இயக்கியது அங்கே எவருக்கும் வியப்பாக இல்லை.

குவாங்ஜு படுகொலையை முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துச் சொன்ன 'எ டாக்சி டிரைவர்' (2017) முதல் பாதியை வாடகைப் பாக்கிக்காகப் பொய் சொல்லும் ஓட்டுநரின் நகைச்சுவையாகவே ஓட்டுகிறது. அரசு சொன்னதை நம்பும் எளிய மனிதன் ஒருவனைச் சிரிக்கச் சிரிக்க அழைத்துப்போய்த்தான் அந்தத் தெருவில் நிறுத்த முடியும் என்பதை இயக்குநர் ஜாங் ஹூன் அறிந்திருந்தார். அந்தப் படம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், அரசுக்குப் பிடிக்காத கலைஞர்கள் என்று ஆயிரக்கணக்கானோரைப் பட்டியலிட்டு வைத்திருந்த விவகாரமும் சேர்ந்து அதிபர் பார்க் குன்-ஹே பதவியிழந்திருந்தார். போங் ஜூன்-ஹோ, பார்க் சான்-வூக், சாங் காங்-ஹோ மூவரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தன.

2020 பிப்ரவரியில் நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்ற 'பாரசைட்' பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதப்பட்டுவிட்டதால் ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். விருது அறிவிக்கப்பட்டதும் தமிழில் 1999இல் வந்த 'மின்சார கண்ணா'வோடு அதை ஒப்பிட்டுப் பேச்சு எழுந்தது. குடும்பத்தில் ஒவ்வொருவராகப் பணக்கார வீட்டுக்குள் வேலைக்கு நுழைவது வரை ஒப்புமை சரிதான். ஆனால் 'பாரசைட்' உண்மையில் தொடங்குவது, மழை இரவில் அழைப்புமணி ஒலித்து நிலவறை திறக்கும்போது. பாதி மண்ணுக்குள் இருக்கும் 'பான்ஜிஹா' வீடுகள், போர் வந்தால் பதுங்குவதற்காக 1970களில் சட்டப்படி கட்டப்பட்ட நிலவறைகளிலிருந்து வந்தவை. வீட்டுப் பஞ்சத்தில் அவை வாடகை வீடுகளாயின. 2022 ஆகஸ்டில் சியோலில் பெய்த பெருமழையில் அத்தகைய ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தில் மூவர் இறந்தார்கள். உயிர் காக்கக் கட்டிய அறை உயிரை வாங்கியது.

பேய்ப்படங்களுக்கு வரும்போது இந்த விஷயம் திரைப்படத்தைவிடப் பழையது என்பது தெரிகிறது. ஜோசன் மன்னராட்சிக் காலத்து நாட்டுப்புறக் கதையான ஜாங்ஹ்வா, ஹாங்ரியோன் என்னும் சகோதரிகளின் கதையில், மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் நீரில் மாண்ட பெண்கள் ஆவியாகி மாற்றாந்தாயிடம் போவதில்லை. வட்டார அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போகிறார்கள். அதிகாரிகள் ஒருவர்பின் ஒருவராகப் பயந்தே சாகிறார்கள். பயப்படாமல் உட்கார்ந்து குறையைக் கேட்கும் ஓர் அதிகாரி வந்த பிறகுதான் நியாயம் கிடைக்கிறது. கொரியப் பேய் அடிப்படையில் ஒரு வழக்காளி. இந்தக் கதையை எடுத்துக்கொண்டு கிம் ஜீ-வூன் 2003இல் 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' எடுத்தபோது கதையில் அதிகாரியே இல்லாமல் செய்துவிட்டார். மிஞ்சியிருப்பது பூ வேலைப்பாடுள்ள சுவர்த்தாள்களும், எல்லாவற்றையும் பார்த்தும் வாய் திறக்காத ஒரு தந்தையும்தான். அந்த வீட்டில் என்னை மிகவும் அச்சுறுத்துவது அவருடைய மௌனம்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்த 'விஸ்பரிங் காரிடார்ஸ்' பேயைப் பெண்கள் பள்ளிக்குள் கொண்டுவந்தது. மாணவிகளை மதிப்பெண்ணால் தரம் பிரித்து, அடித்து, ஒருவருக்கெதிராக மற்றவரைத் தூண்டிவிடும் ஆசிரியர்களே அங்கே பேயைவிடப் பெரிய பயம். கல்லூரி நுழைவுத் தேர்வன்று ஆங்கிலச் செவித்தேர்வு நேரத்தில் விமானங்கள் தரையிறங்காமல் நிறுத்திவைக்கப்படும் நாட்டில், ஆண்டுதோறும் அதே வகுப்பறையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் இறந்த மாணவி யாருக்கும் விளக்கம் தேவைப்படாத உருவம். குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் வெற்றியே கொரியாவில் பேய்ப்பட அலையைத் திரும்பக் கொண்டுவந்தது.

2014 ஏப்ரலில் செவோல் கப்பல் கவிழ்ந்து 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் சுற்றுலா சென்ற ஒரே பள்ளியின் மாணவர்கள். இருந்த இடத்திலேயே இருக்கும்படி ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டதை நம்பி அவர்கள் அறைகளில் காத்திருந்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'ட்ரெயின் டு பூசான்' படத்தில், மனிதர்களை ஜோம்பிகளாக்கும் தொற்று நாடெங்கும் பரவ, நிலைமை கட்டுக்குள் இருப்பதாக அமைச்சகம் தொலைக்காட்சியில் அறிவிக்கும்போது அரங்கில் எழுந்த கசப்பான சிரிப்பை வெளிநாட்டவர் கேட்டிருக்க முடியாது. அதே 2016இல் நா ஹாங்-ஜின் 'தி வெய்லிங்' படத்தில் ஒரு மலைக்கிராமத்துக் காவலரை நாயகனாக்கினார். இடி இடித்தாலே அலறும், எங்கும் தாமதமாகவே வந்து சேரும் அந்த மனிதரைப் பார்த்து முதலில் சிரிக்கிறோம். பின்னர் அவருடைய மகளுக்கு நோய் வருகிறது. பூசாரி ஆடும் 'கூட்' சடங்கும், மலையில் தனித்து வாழும் ஜப்பானியர் செய்யும் சடங்கும் மாறி மாறிக் காட்டப்படும் அந்த நீண்ட பகுதியில், யார் யாரைக் காக்கிறார்கள், யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதையே படம் நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. காவலர், பூசாரி, பாதிரியாராகப் போகும் இளைஞன் என மூன்று காப்பாளர்களும் ஒருவர்பின் ஒருவராகத் தோற்கிறார்கள். கொரியாவில் எடுக்கப்பட்ட பேய்ப்படங்களில் இதற்கு இணையான இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

2019இல் கொரியத் திரையரங்குகளில் விற்ற நுழைவுச்சீட்டுகள் 22 கோடியே 60 இலட்சத்துக்கும் மேல். பெருந்தொற்றுக்குப் பின் அந்த எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியளவிலேயே நின்றுவிட்டது. எழுத்தாளர்களும் இயக்குநர்களும் இணையத் தொடர்களுக்குப் போய்விட்டார்கள். அந்த நிலையில் 2024 பிப்ரவரியில், பேய்ப்படத்துக்கு வழக்கமான கோடைக்காலம்கூட இல்லாத நேரத்தில் வெளிவந்த ஜாங் ஜே-ஹியூனின் 'எக்ஸ்ஹூமா' ஒரு கோடியே 19 இலட்சம் பார்வையாளர்களை ஈர்த்தது. மாந்திரீகப் படம் ஒன்று ஒரு கோடியைத் தாண்டியது அங்கே அதுவே முதல் முறை. பணக்காரக் குடும்பம் ஒன்றின் பச்சிளம் குழந்தையைப் பிடித்த நோய்க்குக் காரணம் மூதாதையின் கல்லறை என்று தோண்டப் போகிறார்கள். மூதாதை ஜப்பானிய ஆட்சிக்குத் துணைபோனவர். அவருடைய சவப்பெட்டிக்குக் கீழே செங்குத்தாகப் புதைக்கப்பட்ட இன்னொரு பெட்டி இருக்கிறது. நாட்டின் உயிரோட்டத்தை அறுக்க ஜப்பானியர் மலைகளில் இரும்பு முளைகளை அடித்தார்கள் என்ற, வரலாற்றாய்வாளர்கள் ஐயத்தோடு பார்க்கும் பழைய நம்பிக்கையைப் படம் அங்கிருந்து கையிலெடுக்கிறது. காவல்துறை இந்தக் கதையில் எட்டியே பார்ப்பதில்லை; மனையடி பார்ப்பவர், பூசாரி, அவளுடைய சீடன், பிணத்துக்குச் சடங்கு செய்பவர் ஆகிய நால்வரும் கூலி பேசிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய வண்டிகளின் எண்பலகைகளில் 0301, 0815, 1945 என்று விடுதலைப் போராட்டத்தின் நாட்களும் ஆண்டும் இருப்பதைக் கண்டுபிடிக்கவே பலர் இரண்டாம் முறை அரங்குக்குப் போனார்கள். நால்வருடைய பெயர்களும் விடுதலைப் போராட்ட வீரர்களுடையவை. பன்றிகளை வெட்டி, கத்தியைச் சுழற்றி, முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடும் அந்த இளம் பூசாரியின் காலில் மட்டும் கான்வர்ஸ் காலணி.